தின்னர் தின்ற கோட்டை

2022 ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, மனைவி தூங்கிய பிறகு இங்கிலாந்தில் இருக்கும் ஒரு கடைக்கு 6,400 ரூபாய் கட்டினேன். கட்டைவிரல் உயரத்தில் பன்னிரண்டு பிளாஸ்டிக் வீரர்கள், இரண்டு செட் பகடை. முப்பத்தாறு வயதில் பொம்மைக்குக் கொடுத்த காசு என்பதால் வீட்டில் மூச்சு விடவில்லை. அடுத்த மூன்று மாதம் நான் பட்ட பாட்டைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல எனக்கு யாரும் வாய்க்கவில்லை. மேஜை விளையாட்டுக்குக் கோட்டையும் வீரர்களும் செய்வது பற்றி நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அமெரிக்காக்காரர்களும் இங்கிலாந்துக்காரர்களும் போட்டவை. அவர்கள் ஊரில் மூலைக்கடையில் கிடைப்பது இங்கே கிடைக்காது. இங்கே மூலைக்கடையில் கிடைப்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் நான் விழுந்து எழுந்த கதைதான் இது.

விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்கு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974-ல் அமெரிக்காவில் வந்தது. ஒருவர் கதை சொல்லி; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். வாளெடுப்பதா, பேசிச் சமாளிப்பதா, ஓடுவதா என்று அவர்கள் முடிவு செய்ய, நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஊரடங்கில் கணினித் திரை வழியாக நாங்கள் ஐந்து பேர் இதைப் பழகினோம். ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர், என் அக்கா பையன், கதை சொல்லியாக நான். திரும்ப நேரில் உட்கார ஆரம்பித்ததும் மேஜை மேல் வைக்க ஏதாவது வேண்டும் என்று ஆசை வந்தது. உண்மையில் எதுவுமே வேண்டாம், பேப்பரும் பென்சிலும் போதும். விதிகளின் அடிப்படைப் பகுதியும் அப்போதே இலவசம்தான். ஆனால் கோட்டை முற்றுகை ஒன்றைக் கதையில் மாதக்கணக்காக வளர்த்து வைத்திருந்தேன். அந்தக் கடைசிச் சண்டைக்கு அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. மதிலும் கோபுரமும் வாசல் கதவுமாக ஒரு கோட்டையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற வெறி எனக்கு.

முதல் அடி சுங்கத்தில் விழுந்தது. பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏறியிருந்தது (2023-ல் அது 70 ஆனது வேறு கதை). அதன் தலையில் மற்ற வரிகள். என் 6,400 ரூபாய்ப் பெட்டிக்கு ஐயாயிரத்துச் சொச்சம் கட்டச் சொல்லி கூரியர்காரர்களிடமிருந்து செய்தி வந்தது, அவர்களுடைய கட்டணம் தனி. ஒரு வாரம் யோசித்தேன். கட்டினால் பன்னிரண்டு பொம்மை பன்னிரண்டாயிரம். கட்டாமல் விட்டேன். பெட்டி திரும்பிப் போனதா, எங்கே போனதா தெரியாது, பணம் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து எதையாவது வரவழைக்கும் எண்ணம் இருந்தால், விலையை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். அப்போதும் வாங்கத் தோன்றினால் வாங்குங்கள்.

அந்த ஆத்திரத்தில்தான் "எல்லாத்தையும் நானே செய்வேன்" என்று கிளம்பினேன். ஆத்திரத்தோடு கைவேலையில் இறங்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. முதலில் வரைபடம். இந்த விளையாட்டில் ஒரு அங்குலக் கட்டம் என்றால் கதைக்குள் ஐந்தடி. மனித அளவு வீரனுக்கு 25 மில்லிமீட்டர் வட்ட அடித்தட்டு, ஆகவே ஒரு கட்டத்துக்கு ஒருவன். வீடியோக்காரர்கள் இதற்கு விலையுயர்ந்த வினைல் பாய் வாங்குகிறார்கள். நமக்குத் தெருவுக்குத் தெரு ஃபிளெக்ஸ் கடை. சதுர அடி அப்போது பதினைந்து ரூபாய், நான்குக்கு மூன்றடி 180 ரூபாய். 48-க்கு 36 கட்டம் போட்டு, புல்வெளியும் அகழியும் வரைந்து பென்டிரைவில் கொண்டுபோனேன். கடைப் பையன் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "போட்டோ எங்க சார் வரும்?" போட்டோ இல்லை என்றேன். "பேரு?" பேரும் இல்லை. நான்கடி ஃபிளெக்ஸில் ஒரு தலைவரும் இல்லை, காதுகுத்தும் இல்லை என்பதை அவனால் ஜீரணிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஒரு கட்டம் 23 மில்லிமீட்டர். வழக்கம்போல ஓரம் மடிக்க இடம் விட்டு, படத்தைச் சுருக்கி அடித்திருந்தான். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள், நான்கு வீரர்களை அடுத்தடுத்து நிறுத்தினால் கடைசி ஆளின் அடித்தட்டு பக்கத்துக் கட்டத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். மறுபடி போனேன். இந்த முறை ரோலின் அகலத்துக்கு இழுத்துவிட்டதால் சதுரம் எல்லாம் செவ்வகம். மறுபடி 180. மூன்றாவது முறை படத்தின் ஓரத்திலேயே பத்து அங்குல நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, "இந்தக் கோடு டேப்புல பத்து இன்ச் வரணும், ஓரம் தனியா விடுங்க" என்று சொன்னேன். அச்சாகி வந்ததும் கடையிலேயே டேப் வைத்து அளந்தேன். சரியாக வந்தது. இன்னொன்று: ஃபிளெக்ஸில் எந்த மார்க்கர் அழியும் என்பதை நடுவில் எழுதிப் பார்க்காதீர்கள். நான் எழுதிய பெர்மனென்ட் மார்க்கரை சானிடைசர் வைத்துத் துடைத்தபோது கோடும் போனது, அகழியின் நீலமும் கொஞ்சம் போனது.

இனி கோட்டை. வீடியோக்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பலகை வைத்துக்கொண்டு வெண்ணெய் மாதிரி வெட்டுவார்கள். அது வீட்டுச் சுவருக்குள் வெப்பத்தடுப்பாக வைக்கும் நெருக்கமான ஃபோம். இங்கே அதைக் கூரைத் தகட்டுக்குக் கீழே போடுகிறவர்களிடம் கேட்டால், லோடு கணக்கில் எடுத்தால் தருகிறேன் என்கிறார்கள். சரி, தெர்மாகோல் இருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டுமே பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்தான், ஆனால் தெர்மாகோல் குருணை குருணையாக ஒட்டி அழுத்தியது. மழுங்கிய பிளேடால் அறுத்தால் குருணை பிய்ந்து வரும். ஒரு சனிக்கிழமை முழுக்க அறுத்தேன். ஃபேனைப் போட்டதும் கூடம் முழுக்க வெள்ளை ரவை. சட்டையில், அம்மாவின் கண்ணாடியில், சாம்பார் கிண்ணத்தில். தட்டினால் போகாமல் கைக்குக் கை தாவி ஒட்டிக்கொள்ளும். புதுப் பிளேடு போட்டு, அழுத்தாமல் நாலைந்து இழுப்பில் அறுக்க வேண்டும், ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வேலையே தொடங்க வேண்டும் என்பதை அன்று ராத்திரி ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே கற்றேன்.

எப்படியோ மதில் நான்கு பக்கமும் நின்றது, மூலைக்கொரு கோபுரம். கல் வரி கீறி, ஜன்னல் குடைந்து, ஒன்பது நாள் வேலை. கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் மூன்று டப்பா, 900 ரூபாய். மொட்டை மாடியில் நியூஸ்பேப்பர் விரித்து, வாசல் கோபுரத்தின் மேல் முதல் வீச்சு அடித்தேன். நல்ல கறுப்பு. இரண்டாவது வீச்சில் மெல்லிசாக ஒரு சத்தம், சோடா மூடியைத் திறந்த மாதிரி. கோபுரத்தின் தோளில் ஒரு குழி விழுந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது குழி அகலமாகி, உச்சி உள்ளே சரிந்து, பால் நுரை அடங்குவது போல மொத்தமும் உட்கார்ந்தது. மெல்ல நடந்ததால் கொடுமை இன்னும் அதிகம். நான் முட்டாள்தனமாகக் கையால் தாங்கிப் பிடித்தேன். கறுப்புப் பிசினாகக் கையோடு வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் துணி எடுக்க வந்தவர் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

காரணம் எளிது. ஸ்ப்ரே பெயிண்டில் இருக்கும் அசிட்டோன், டொலுவீன் மாதிரியான கரைப்பான்கள் (பெயிண்ட் கடையில் தின்னர் என்பார்கள்) பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். தெர்மாகோலில் பெரும்பகுதி காற்றுதான், கரைந்தால் மிஞ்சுவது ஒரு ஸ்பூன் பிசின். ரப்பர் பசையும் சூப்பர் க்ளூவும் அதே வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் செய்யும். வெட்டி எறியும் துண்டில் ஒரே ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் ஒன்பது நாள் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது கோட்டையில் நடந்தது இதைவிட மோசம், அது என் உடம்பையே பதம் பார்த்தது. பிளேடு வேண்டாம், சூட்டில் அறுக்கலாம் என்று முடிவு செய்தேன். வீட்டில் கிடந்த சால்டரிங் அயர்னின் நுனியில் கம்பி சுற்றி, ரவை பறக்கக் கூடாதே என்று படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாலிஸ்டைரீன் இளக நூறு டிகிரி பக்கம் போதும். சால்டரிங் அயர்ன் முந்நூறைத் தாண்டும். அதனால் அறுபடாமல் கருகியது, ஒவ்வொரு இழுப்புக்கும் புகை. கொஞ்சம் இனிப்பாக, நெயில் பாலிஷ் கடையில் நுழைந்த மாதிரி வாசம். நாற்பது நிமிடத்தில் தலை பாரம், ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றால் அறை சுற்றியது. குளியலறை வரை போய் வாந்தி எடுத்தேன். மனைவி கதவைத் திறந்து, "என்னங்க இது, வீட்டைக் கொளுத்தப் போறீங்களா?" என்று கத்தினாள். மறுநாள் டாக்டர், 600 ரூபாய். அன்றுதான் இங்கிலாந்துப் பெட்டி விஷயமும் வெளியே வந்தது. இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெட்டியை விட, மறைத்ததுதான் அவளுக்குக் கோபம். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் முதல் நாளே வீட்டில் தொகையைச் சொல்லிவிடுங்கள். நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

பிறகு ஜன்னலைத் திறந்து, பிளேடிலேயே அறுத்து, அந்தக் கோட்டையை முடித்தேன். குருணை தெரியாமல் இருக்க மேலே பேப்பர் ஒட்டினேன். ஆன்லைனில் 2,100 ரூபாய்க்கு வாங்கிய இறக்குமதிப் பசையும் பெயிண்டும் அதற்குள் பாதி காலி, அதனால் மிச்சம் பிடிக்க மைதா பசை காய்ச்சினேன். காய்ந்ததும் பீங்கான் போல இறுகியது, பெருமையாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பத்து நாள் கழித்து இழுத்தால் வடக்கு மதில் முழுக்கக் கரப்பான் புழுக்கை, கிழக்குக் கோபுரத்தில் எலி கடித்த ஓட்டை. ஒரு மாதச் சம்பளத்தில் செய்ததைப் போல வருத்தப்பட்டேன். நண்பர்கள் வாட்ஸ்அப்பில் "எலி படை கோட்டையைப் பிடிச்சிடுச்சு மச்சான்" என்று சிரித்தார்கள். சிரிக்க எனக்கு நாளாயிற்று. உதவிக்கு வருகிறேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை என்பதும் உறுத்தியது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள், தெருமுனைக் கல்யாண மண்டபத்தைக் கடந்து போனபோது வாசலில் ஒருவர் தெர்மாகோல் அறுத்துக்கொண்டிருந்தார். மேடையில் ஒட்டும் மாப்பிள்ளை பெண் பெயர்கள். வில் மாதிரி ஒரு மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி, கம்பியிலிருந்து இரண்டு ஒயர் ஒரு பழைய எலிமினேட்டருக்கு (கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி) போகிறது. பேனாவால் வரைந்த 'ஸ்ரீ'யின் வளைவில் கம்பி போய்க்கொண்டே இருந்தது. புகை இல்லை, ரவை இல்லை. கையை நிறுத்தவே இல்லை, வளைவு வரும்போது பலகையைத்தான் திருப்பினார், கம்பியை அல்ல. நான் சைக்கிள் ஸ்டாண்ட் போடுவதைப் பார்த்து, "என்ன சார், பேர் எழுதணுமா?" என்றார். என் கோட்டைக் கதையைச் சொன்னேன். ஸ்ப்ரே என்றதும் சிரித்துவிட்டார். "தின்னர்னு பேரே அதுக்குத்தான் சார். தின்னுடும்."

அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கரண்ட் பாய்ந்தால் சூடாகும் நைக்ரோம் கம்பியை எலக்ட்ரிகல் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கலாம், வோல்டேஜ் மாற்றுகிற எலிமினேட்டரைக் குறைவிலிருந்து ஏற்றிக்கொண்டே வர வேண்டும், கம்பி சிவக்கக் கூடாது. "பொகை வந்தா சூடு ஜாஸ்தின்னு அர்த்தம் சார், கம்பி தானா எறங்கணும், நீங்க தள்ளக் கூடாது." தெர்மாகோலிலும் ரகம் உண்டு, கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் குழி விழுந்து நிற்பது பேக்கிங் சரக்கு, கெட்டியாக எதிர்ப்பது சிற்ப வேலைக்கு. பெயிண்ட் என்றால் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன்தான், தண்ணீரில் கரைவதால் தெர்மாகோலை ஒன்றும் செய்யாது. கலருக்கு ஸ்டெயினர் பாட்டில். மைதா பசைக்குப் பூச்சி வராமல் இருக்க மயில் துத்தம் போடுவார்கள். ஆனால் அது விஷம், பிள்ளைகள் தொடுகிற சாமானுக்கு வேண்டாம், ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள் என்றார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "அண்ணே, டீயாவது" என்றதற்குச் சரி என்றார். டீ குடிக்கும்போது ஒன்று மட்டும் கேட்டார்: "இவ்ளோ கஷ்டப்பட்டு கட்டி, அத யாரு சார் ஜெயிப்பா?" ஜெயிப்பது தோற்பது என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சேர்ந்து கதை சொல்வது என்று விளக்கினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மூன்றாவது கோட்டை இரண்டு வார இறுதியில் எழுந்தது. அறுத்து, ஃபெவிகால் தண்ணீரில் நியூஸ்பேப்பரை இரண்டு அடுக்கு போர்த்தி, ஈரம் வற்றும் நேரத்தில் மை தீர்ந்த பேனாவால் கல் வரி அழுத்தினேன். அலுமினிய ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி மேலே உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வருகிறது. முதலில் முழுக்கக் கறுப்பு எமல்ஷன். காய்ந்ததும் சாம்பல் நிறம் தொட்ட பிரஷ்ஷைப் பழைய துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் மேடான இடங்களில் மட்டும் உரச வேண்டும். அடுத்து சந்தன நிறம், இன்னும் லேசாக. பள்ளத்தில் கறுப்பு தங்க, விளிம்பு வெளுக்க, பேப்பர் கல்லாகிறது. அந்த ஐந்து நிமிடம் நான் இதற்குச் செலவழித்த அத்தனை நாளுக்கும் ஈடு. புல்லுக்கு அம்மா பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கித் தந்தார்: கொலு பார்க்குக்காகப் பச்சைச் சாயம் போட்டு வைத்த மரத்தூள். வெளிநாட்டில் இதே வேலைக்கு விற்கும் புல் பொடியும் ஒரு காலத்தில் சாயம் போட்ட மரத்தூளாகத்தான் இருந்தது. முப்பது வருடமாக அம்மா வருடா வருடம் செய்துகொண்டிருந்ததை நான் வீடியோவில் தேடியிருக்கிறேன்.

வீரர்களுக்குப் பேப்பர்தான். முன்னும் பின்னுமாகப் படத்தை அடுக்கி கனமான 300 ஜிஎஸ்எம் அட்டையில் லேசர் பிரின்ட், பத்து ஷீட் 240 ரூபாய். மடிக்கும் கோட்டில் முதலில் ஸ்கேல் வைத்து லேசாகக் கீறாவிட்டால் மடிப்பில் மை உதிரும். இதில் எனக்கு யாரும் சொல்லாத சிக்கல் சீலிங் ஃபேன். ஏசி இல்லாத கூடத்தில் ஃபேன் ஓடினால் மொத்தப் படையும் மல்லாந்துவிடும். அதற்கு மருந்து பாரிமுனை ஹார்டுவேர் கடையில் கிடைத்தது: எம் 12 வாஷர், வெளி விட்டம் 24 மில்லிமீட்டர், நாற்பது எடுத்தேன், ஒன்று மூன்று ரூபாய். வாஷர் மேல் அட்டை வட்டம், அதில் வீரனின் கால் மடிப்பை ஒட்டினால் புயலுக்கும் அசையாது. அரக்கர்களுக்குத் திருவிழாக் கடை டைனோசர் பாக்கெட், 150 ரூபாய். மட்டம் என்று நினைக்காதீர்கள். இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், மலிவான பிளாஸ்டிக் பொம்மைப் பாக்கெட்டில் வந்த பெயரில்லாத ஜந்துகளுக்குப் பெயர் வைத்ததில்தான் ரஸ்ட் மான்ஸ்டர், அவுல்பேர் என்ற அரக்கர்கள் எல்லாம் பிறந்தன. பகடைக்கு நான் மறுபடி செலவே செய்யவில்லை. 1979 வாக்கில் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்த விளையாட்டை வெளியிட்ட நிறுவனமே பெட்டிக்குள் எண் அச்சிட்ட சீட்டுகளை வைத்து விற்றது. நான் புளியங்கொட்டையில் ஒன்று முதல் இருபது வரை எழுதி அம்மாவின் சுருக்குப் பையில் போட்டேன். எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்காவிட்டால் கணக்கு கெட்டுவிடும், அது ஒன்றில்தான் கவனம் வேண்டும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சுங்கத்தில் போனது 6,400, ஸ்ப்ரே 900, வீணான தெர்மாகோல் 400, தப்பு ஃபிளெக்ஸ் 360, இறக்குமதிப் பசை பெயிண்ட் 2,100, டாக்டர் 600. ஆக 10,760 ரூபாய். கடைசியில் மேஜைக்கு வந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆனது 1,320: தெர்மாகோல் 160, எமல்ஷனும் ஸ்டெயினரும் 350, ஃபெவிகால் 120, வாஷர் 120, ஃபிளெக்ஸ் 180, பிரின்ட் 240, டைனோசர் 150. கம்பியும் எலிமினேட்டரும் அந்த அண்ணன் இரவல் கொடுத்தது.

செப்டம்பர் 26 நவராத்திரி தொடங்கியது. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் கொலுப்படிக்குக் கீழே, பார்க்கின் நடுவில் என் கோட்டை. வாசலில் செட்டியார் கடை, அகழியில் கண்ணாடித் துண்டு, மதில் மேல் இரண்டு மயில். ஞாயிற்றுக்கிழமை சண்டை இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "கொலுவுல வெச்சதை நடுவுல எடுக்கப்படாதுடா. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சப்புறம் எடுத்துக்கோ" என்றார் அம்மா. அக்கா பையனுக்கு போன் போட்டேன். "மாமா, கோட்டைக்குள்ள செட்டியார் இருந்தா அவர்கிட்ட அரிசி வாங்கி முற்றுகையத் தாங்கலாமே" என்றான். சண்டையை அக்டோபர் 9-க்குத் தள்ளி வைத்துவிட்டு, செட்டியாருக்கு ஒரு வாஷர் ஒட்டினேன்.